மூடிய அச்சுப்பொறியின் உறுப்புகளுக்கு எந்த இழை?

மூடிய முப்பரிமாண அச்சுப்பொறியின் உறுப்புகளுக்கு இழை தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் நம்புவது, தயாரிப்பாளரின் விவரத்தாளில் காணப்படும் வெப்பத் திரிபு வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணையே. ஐஎஸ்ஓ 75 தரநிலையின்படி, ஒரு சிறு பட்டையின் மீது 0.45 அல்லது 1.8 மெகாபாஸ்கல் தகைவை ஏற்றி, மணிக்கு 120 டிகிரி வீதம் வெப்பத்தை உயர்த்தி, அது குறிப்பிட்ட அளவு வளையும் கணத்தில் எடுக்கப்படும் அளவீடே அது. அந்தச் சோதனை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆனால் மோட்டாரைத் தாங்கும் பிடிப்போ, பெல்ட்டின் இழுவிசையை ஆண்டுக்கணக்கில் ஓயாமல் சுமக்கிறது. நிலையான சுமையின் கீழ் நெகிழி மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே போவதை ஊர்வு என்பர். தேர்வு செய்வோர் முதலில் அஞ்ச வேண்டியது இந்த ஊர்வையே.

ஏபிஎஸ் அச்சிடுகையில் தட்டு 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படுவதால், தனி வெப்பமூட்டி இல்லாத மூடிய அறைகூட 50 முதல் 60 டிகிரியை எட்டிவிடும்; கோடையில் கூடத்தின் வெப்பமே 35 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்களில் இது இன்னும் எளிதாக நிகழ்கிறது. அறைக்குள் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டாரின் உடல் அதற்கும் மேலே சென்று 70, 80 டிகிரியில் நிற்கக்கூடும் என்பதால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்பின் உண்மையான சூழல் அறையின் வெப்பமானி காட்டுவது அன்று.

நெகிழி தன் விறைப்பை இழந்து ரப்பர்போல் இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை இதனோடு ஒப்பிட்டால் விடை ஏறக்குறையத் தெளிவாகிவிடும். பிஎல்ஏவுக்கு அது சுமார் 60 டிகிரி; அதை இங்கே பயன்படுத்தவே கூடாது. பிஇடிஜிக்குச் சுமார் 80 டிகிரி. கைப்பிடிக்கும் வெளிப்புற மூடிக்கும் அது போதும் என்றாலும், மோட்டார் பிடிப்புக்கும் அச்சுத்தலைக்கும் போதாது. ஏஎஸ்ஏ 100 டிகிரியை ஒட்டியும், ஏபிஎஸ் 105 டிகிரியை ஒட்டியும் நிற்கின்றன.

கார்பன் இழைத்துண்டு கலந்தவை என விற்கப்படும் பொருள்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிஇடிஜி போன்ற படிகமில்லா நெகிழியில் கார்பன் சேர்ப்பது விறைப்பைக் கூட்டுமே தவிர, அதன் நிலைமாற்ற வெப்பநிலையை உயர்த்தாது. பகுதியளவு படிகமாகும் நைலானில் நிலைமை வேறு: படிகப் பகுதிகளும் கார்பனும் சேர்ந்து பளுவைத் தாங்குவதால் விவரத்தாளின் எண் 150 டிகிரிக்கு மேலும் ஏறிவிடுகிறது. ஆயினும் நைலான்-6 காய்ந்த நிலையிலேயே 50, 60 டிகிரி அளவில் நிலைமாற்றம் அடைவது. காற்றின் ஈரத்தை உறிஞ்சினாலோ நீரே இளக்கியாகச் செயல்பட்டு அந்த வெப்பநிலையை இன்னும் கீழே இறக்குகிறது. எனவே போல்ட்டால் இறுக்கப்பட்ட நைலான் உறுப்பு, விவரத்தாளின் பெரிய எண் எதுவாயினும், பிடிப்பை மெல்லத் தளரவிடும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இயங்கும் பொறிகளுக்கு இது சிறிய செய்தி அன்று.

ஆகவே வோரான் திறந்தமூல அச்சுப்பொறிகளை வடிவமைத்தோர் ஏபிஎஸ்ஸைப் பரிந்துரைத்ததும், அதன் சுருக்கத்தைக் கருத்தில் கொண்டே உறுப்புகளை வரைந்ததும் தக்க முடிவுகளே. அவர்கள் கூறும் 0.2 மில்லிமீட்டர் அடுக்கு, நான்கு சுவர்கள், 40 விழுக்காடு உள்நிரப்பு ஆகியவற்றைக் குறைத்து இழையை மிச்சப்படுத்துவது வீண் சிக்கனம். ஊர்வைத் தடுப்பதில் பொருளுக்கு உள்ள பங்கு சுவரின் தடிமனுக்கும் உண்டு. பாலிகார்பனேட் இன்னும் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதைத் திரிபின்றி அச்சிடத் தேவையான வெப்ப அறை, முதல் பொறியைக் கட்டுவோரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

மூடிய பொறி இல்லாதவர் ஏபிஎஸ் உறுப்பை எங்கே அச்சிடுவது என்பதே எஞ்சும் சிக்கல். திறந்த பொறியின் மேல் அட்டைப்பெட்டி கவிழ்த்து அச்சிடுவோர் மின்வழங்கியையும் மின்னணுப் பலகையையும் பெட்டிக்கு வெளியே வைத்து, தீ அபாயத்தை எண்ணி உடனிருந்து கவனிக்க வேண்டும். ஸ்டைரீன் ஆவி வெளிவருவதால் காற்றோட்டமும் இன்றியமையாதது. அதுவும் இயலாதபோது பிஇடிஜியில் முழுத் தொகுப்பையும் அச்சிட்டுப் பொறியைக் கட்டி, அந்தப் பொறியின் மூடிய அறையிலேயே ஏபிஎஸ் உறுப்புகளை அச்சிட்டு மாற்றிக்கொள்ளலாம். முதலில் மோட்டார் பிடிப்புகளையும் அச்சுத்தலையையும், பின்னர் பெல்ட் உருளைகளின் தாங்கிகளையும் மாற்றுவதே சரியான வரிசை.