தண்ணீரில் குளிரும் கணினி: ஓடர் எடுக்குமுன் ஒரு கணக்கு

கணினி வியாபாரத்தில் உள்ள நமது சகோதரர்களிடம் அண்மைக் காலமாக ஒரு புது வகை ஓடர் வருகிறது. பையன் ஒருவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வண்ண விளக்கு, வளைந்து செல்லும் குழாய்களில் நீல நிறத் தண்ணீர். "காக்கா, இதே மாதிரி ஒரு கேமிங் பீசி கட்டித் தாங்க" என்கிறான். கேட்பவன் பையன். பணம் அனுப்புவது கட்டாரில் வேலை செய்யும் வாப்பா. மாதம் முழுக்க மவுஸும் கீபோர்டும் விற்றுச் சேரும் இலாபம் ஒரே பற்றுச்சீட்டில் வந்துவிடும் போலத் தோன்றுவதால், முதலாளிமார் மறுபேச்சின்றி அட்வான்ஸை வாங்கிவிடுகிறார்கள்.

ஓடரை எடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடி போன்ற இடத்தில், கேட்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தண்ணீர்க் குளிரூட்டலை விற்காமல் விடுவதே கடைக்கு இலாபம் என்பது நமது கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

லொறியின் ரேடியேட்டரை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சூடாகும் சிப்பின் மேல் ஒரு செப்புத் தகடு. அதனூடாகத் தண்ணீரை ஒரு சிறிய பம்ப் சுற்றி ஓட விடுகிறது. ரேடியேட்டரில் காற்றாடி அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது. ஒரே எடையுள்ள காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய நான்கு மடங்கு சூட்டைத் தாங்கும். ஆகவே சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் கெட்டிக்காரன்தான். ஆனால் கடைசியில் அந்தச் சூடு போய்ச் சேருவது அறைக் காற்றில். அறையைவிடக் கீழே குளிர வைக்க இந்த ரேடியேட்டரால் முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறை 34 பாகையில் கொதித்தால் தண்ணீர் அதற்கு மேலேதான் நிற்கும். "ஏசி மாதிரி குளிருமா?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பலரும் கவனிக்காத விடயம். சந்தையில் அதிகம் விற்பது, தண்ணீர் நிரப்பிக் கம்பனியிலேயே மூடி வரும் வகை. இது ஆற்றுவது புரொசசரை மட்டும். விளையாட்டின்போது கூடுதல் சூட்டைப் போடுவது கிராபிக்ஸ் கார்ட். உதாரணமாக, விளையாட்டுக்குப் பேர்போன ஏ.எம்.டி ரைசன் 7 7800எக்ஸ்3டி புரொசசருக்குக் கம்பனி சொல்லும் அளவு 120 வொட். என்விடியா ஆர்.டி.எக்ஸ் 5070 கார்டுக்கோ 250 வொட். அதாவது பெரிய சூட்டைக் கார்டின் காற்றாடிகள் வழமைபோலச் சமாளிக்க, காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் சிறிய சூட்டை ஆற்றிக் கொண்டிருக்கிறது! அந்த 120 வொட்டுக்கு ஒரு நல்ல காற்றாடிக் கூலரே தாராளம். ஒஸ்ரியாவின் நொக்டுவா கம்பனி 2014 இல் வெளியிட்ட என்.எச்-டி15 போன்ற பெரிய கூலர்களில் பழுதாகக்கூடியது காற்றாடி ஒன்றுதான். அதை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். (அதற்கும் ஒரு குறை உண்டு. எடை ஒரு கிலோவுக்கு மேல். ஓட்டோவில் ஏற்றி அனுப்பும்போது பெட்டியை நிமிர்த்தி வைக்காமல், மதர்போர்ட் அடியில் வருமாறு படுக்க வைத்தே அனுப்ப வேண்டும்.)

தண்ணீர் தேவைப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். கலியாண வீடியோ எடிட் செய்பவர், அனிமேஷன் வேலை செய்பவர் போன்றோரின் புரொசசர் மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடும். இன்டெல் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வொட் வரை எடுக்கும். அதற்கு 360 மில்லிமீற்றர் ரேடியேட்டர் போடுவது நியாயமானது. இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை அக்கம்பனி 2024 இல் ஒப்புக்கொண்டு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. பயோஸைப் புதுப்பிக்காமல் அந்தச் சிப்பைக் கையளிக்கும் கடைக்காரர், பிரச்சினையையும் சேர்த்தே கையளிக்கிறார்.

இனி அந்தப் படத்தில் உள்ள வகைக்கு வருவோம். குழாயை வளைத்து, மூட்டுப் போட்டு, கடையிலேயே தண்ணீர் நிரப்பிக் கட்டுவது. செப்புத் தகட்டோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரிக்கப்படும். சாதாரண குழாய்த் தண்ணீர் ஆகாது. வடித்த தண்ணீரில் அதற்குரிய மருந்து கலக்க வேண்டும். பால் போன்ற நிறத் திரவங்கள் நாளடைவில் படிந்து தகட்டின் நுண்ணிய வழிகளை அடைக்கும். வருடத்துக்கொரு முறையாவது இறக்கிக் கழுவி மாற்றுவது நல்லது. கடலுக்குப் போய் வந்த மீனவர் தனது வெளியிணை எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுவதைக் கல்லடியில் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் பராமரிப்பை ஒரு பதினெட்டு வயதுப் பையன் தனது கணினிக்குச் செய்வானா?

ஒழுகினால் போவது தண்ணீர் மட்டுமல்ல. கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டும் போகும். பெரிய கம்பனிகளுக்கே இது நடந்திருக்கிறது. அப்பிள் 2004 இல் தண்ணீர் குளிரூட்டலோடு வெளியிட்ட பவர் மெக் ஜி5 கணினிகளில் சில பின்னாளில் ஒழுகின. ஜேர்மனியின் ஆர்க்டிக் கம்பனி 2022 இல் தனது மூடிய வகைக் கூலர் ஒன்றின் ரப்பர் வளையத்தில் குறை கண்டு, மாற்று உதிரிகளை அனுப்ப நேர்ந்தது. அவர்களால் உலகம் முழுக்க உதிரி அனுப்ப முடிந்தது. நமது கடையில் கட்டியது ஒழுகினால் யார் அனுப்புவார்கள்?

வேறொரு பாடமும் உண்டு. கையால் கட்டும் தண்ணீர்க் குளிரூட்டல் சாமான்களில் உலகப் பெயர் பெற்றது சுலோவேனியாவின் ஈ.கே கம்பனி. அது ஊழியருக்கும் சப்ளையருக்கும் பணம் கொடுக்க முடியாமல் திண்டாடுவது 2024 ஏப்ரலில் பகிரங்கமானது. விற்காத சரக்கு குவிந்து கிடந்ததும் அப்போது பேசப்பட்டது. உலகச் சந்தை முழுவதையும் கையில் வைத்திருந்தவனுக்கே இந்தச் சரக்கு தேங்கியதென்றால், மட்டக்களப்பில் ஒரு கடை மூட்டும் குழாயும் வாங்கி அலுமாரியில் அடுக்குவது எப்படிப் புத்தியாகும்? ஓடருக்கு மட்டும் வரவழைப்பதே சரி.

மின்சாரத்துக்கு வருவோம். நமது நாட்டில் உண்மையான ஆபத்து இங்கேதான் என்பேன். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல், பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொல்லி, நாடே இருளில் கிடந்தது. மின்சாரம் போகும்போது பம்பும் கணினியும் ஒன்றாக நின்றுவிடுவதால் சிப் கருகாது. திரும்பி வரும்போது ஏறி இறங்கும் மின்னழுத்தமே சாமானைக் கெடுப்பது. ஆனால் பல கடைகளில் இப்படியான கணினிக்கும் 650 வீ.ஏ யூ.பி.எஸ் ஒன்றையே தலையில் கட்டுகிறார்கள். அது தாங்குவது 400 வொட்டுக்கும் குறைவு. கணினியும் திரையும் சேர்ந்து 600 வொட் இழுக்கும்போது கரண்ட் போனால் யூ.பி.எஸ்ஸும் கூடவே விழும். தண்ணீருக்குக் கொடுக்கும் பணத்தைத் தரமான பவர் சப்ளைக்கும் சைன் அலை யூ.பி.எஸ்ஸுக்கும் திருப்பினால் அந்தக் கணினி கூடுதல் காலம் வாழும்.

மின்கட்டணத்தையும் வாப்பாவிடம் சொல்ல வேண்டும். 600 வொட் கணினி தினம் ஐந்து மணித்தியாலம் ஓடினால் மூன்று அலகு, மாதம் 90 அலகு. அலகு கூடக் கூட விலை ஏறும் படிமுறைக் கட்டணத்தில், இந்தக் கூடுதல் அலகுகள் மேல் படிக்குப் போய்விடும்.

விலை சொல்வதிலும் கவனம் வேண்டும். 2022 இல் டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, பழைய விலைக்கு அட்வான்ஸ் வாங்கியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் கேள்வியால் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. ஆகவே விலைப்பட்டியலில் "ஏழு நாட்களுக்கு மட்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டே கொடுக்க வேண்டும்.

முதலாளிமார் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத் திட்டம் போடலாம். என்ன விளையாட்டு? என்ன திரை? எந்த அறை? புல் எச்.டி திரையில் வலோரண்ட் விளையாடுபவனுக்கு நடுத்தரக் கார்டும் காற்றாடிக் கூலரும் போதும். கடல் பக்கத்து ஜன்னலோரம் கணினியை வைத்தால் உப்புக் காற்று ரேடியேட்டரின் அலுமினியத்தையும் மதர்போர்டையும் ஒருசேரத் தின்னும். ஆகவே வைக்கும் இடத்தைக் கடைக்காரரே போய்ப் பார்ப்பது நல்லது. மூடிய வகை கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் போட்டுக் கொடுக்கலாம். பம்ப் ரேடியேட்டரைவிட மேலே வராமல் பொருத்த வேண்டும், இன்றேல் காற்றுக் குமிழி பம்பில் தங்கும். அதன் ஆயுள் ஐந்தாறு வருடம், பிறகு முழுவதையும் மாற்ற வேண்டும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். டுபாயிலிருந்து உறவினர் கையில் வந்த கார்டுக்கு இங்கே உத்தரவாதம் இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். குறையை மறைத்து விற்ற காசில் பறக்கத் இருக்காது என்பதை நமது வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகும் நீலத் தண்ணீரே வேண்டும் என்பவருக்குக் கட்டிக் கொடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் பொருத்துமுன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு, மூட்டுகளின் கீழ் டிஷூ வைத்துப் பாருங்கள். வருடாந்தச் சேவைக் கட்டணத்தையும் முதலிலேயே பேசி, பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாரி தொடங்குமுன் செப்டெம்பரில் ஒவ்வொருவரையும் அழைத்துத் தண்ணீர் மாற்றிக் கொடுத்தால், கடைக்கு வேலை குறைந்த மாதத்தில் ஒரு வருமானமும் ஆகும்.