தத்துப் பிள்ளையும் நதிமூலமும்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். தத்துப் பிள்ளை விஷயத்திலும் பெரியவர்கள் இதையே சொல்வதுண்டு. எங்கே பிறந்தால் என்ன, யாருக்குப் பிறந்தால் என்ன, வளர்ப்பவள்தானே தாய்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தை நாடு விட்டு நாடு தத்துப் போகும்போது, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து.

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கும் ஓர் அமெரிக்கத் தம்பதியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், குடும்ப நிலவரம் எல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவார். கைரேகை வாங்கி, போலீஸ் ரெக்கார்டு பார்ப்பார்கள். குடியேற்றத் துறை அனுமதி தர வேண்டும். பிறகு குழந்தையின் நாடு தன் பங்குக்கு எல்லாவற்றையும் சரிபார்க்கும். அப்புறம் தத்து உத்தரவு, பாஸ்போர்ட், விசா... இதற்கே வருடக்கணக்கில் ஆகிவிடும். செலவோ பல்லாயிரம் டாலர். "அநாதைக் குழந்தைக்கு ஒரு வீடு கொடுக்க இத்தனை தடையா?" என்று அவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சரி, இந்தத் தடைகள் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? அதற்கு குவாத்தமாலா என்ற நாட்டின் கதையைத் தெரிந்துகொண்டால் போதும்.

மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு அது. பல்லாண்டு உள்நாட்டுப் போர் 1996ல்தான் முடிந்தது. அங்கே அப்போது தத்துக் கொடுக்க நீதிபதியின் தீர்ப்பு தேவையில்லை, நோட்டரி வக்கீல் ஒருவர் இருந்தால் போதும். பெற்ற தாய்க்கும் அவரே வக்கீல், வளர்க்கப் போகிறவர்களுக்கும் அவரே வக்கீல்! வேலை மளமளவென்று நடந்தது. 2007ல் மட்டும் 4,700க்கும் அதிகமான குழந்தைகள் அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். ஒரு குழந்தைக்கு 30,000 டாலர் வரைகூட கைமாறியது.

ஏழை நாட்டில் அத்தனை பணம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. கர்ப்பிணிகளைத் தேடிப் பிடிக்கத் தரகர்கள் கிளம்பினார்கள். பெறாத பெண்கள் தாயாக நடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். தாய் யார் என்று உறுதி செய்ய அமெரிக்கா கேட்ட டி.என்.ஏ. சோதனையிலும் மோசடி நுழைந்தது. கடைசியில் 2007 டிசம்பரில் புதுச் சட்டம் வந்து பழைய முறை ஒழிந்தது.

2006ல் அப்படிக் கடத்தப்பட்ட ஒரு பெண் குழந்தை அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தாள். 2011ல் குவாத்தமாலா நீதிமன்றம் அவளைத் தாயிடம் திருப்பித் தரச் சொன்னது. அவளைத் திருப்பி அனுப்பும் சட்டக் கடமை தனக்கு இல்லை என்றது அமெரிக்க அரசு. பெற்றவள் ஒரு தாய், வளர்த்தவள் ஒரு தாய். நடுவில் நின்ற அந்தச் சிறுமியின் நிலைமையை யார் சரி செய்ய முடியும்?

இது ஒரு நாட்டுக் கதை மட்டுமல்ல. தென் கொரியா ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை மேல்நாடுகளுக்கு அனுப்பியது. பெற்றோர் இருந்த குழந்தைகளையும் அநாதை என்று பதிவு செய்து அனுப்பியது நடந்தது என்று அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. சென்னையும் தப்பவில்லை. 1990களின் இறுதியில் குடிசைப் பகுதிகளில் காணாமல் போன குழந்தைகளில் சிலர் வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005ல் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது.

இவற்றைத் தடுக்கத்தான் 1993ல் ஹேக் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 2003லும் அமெரிக்கா 2008லும் அதில் முழுமையாகச் சேர்ந்தன. அதன் சாரம் எளிமையானது. குழந்தையைத் தத்துக் கொடுக்கலாமா என்பதைப் பிறந்த நாட்டு அரசே முடிவு செய்ய வேண்டும். முதலில் சொந்த நாட்டில் வீடு கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். தாயின் சம்மதத்தைப் பணம் கொடுத்து வாங்கக் கூடாது. அந்தத் தம்பதியைச் சலிக்க வைக்கும் காகிதங்களில் பாதி, ஏதோ ஒரு தாய் ஏமாந்த பிறகு எழுதப்பட்டவை.

அதற்காக எல்லாக் கதவையும் மூடிவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் தப்பு. அமெரிக்காவோடு ஏற்பட்ட அரசியல் சண்டையில், 2013 ஜனவரி முதல் அமெரிக்கர்கள் தத்தெடுக்க ரஷ்யா தடை விதித்தது. நேரில் சந்தித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்த குடும்பங்களுக்கே அந்தக் குழந்தைகள் கிடைக்காமல் போனார்கள். சீனா 2024ல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியபோதும் காத்திருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். 2004ல் சுமார் 23,000 வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்கா, 2023ல் 1,300 பேரைக்கூட எடுக்கவில்லை. நிஜமாகவே யாருமில்லாத குழந்தை, அதுவும் உடற்குறையோடு பிறந்த குழந்தை, காப்பகத்திலேயே வளர வேண்டியதாகிறது.

இன்னொரு கொடுமை குடியுரிமை. தத்தெடுத்தால் தானாகக் குடிமகன் ஆகிவிடுவான் என்று பல பெற்றோர் நம்பினார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே 2001 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு 18 வயது தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது. வளர்த்தவர்கள் ஒரு விண்ணப்பம் போட மறந்ததால், குழந்தையாகப் போனவர்கள் நடுவயதில், பாஷை தெரியாத 'சொந்த' நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்!

ஆக, சட்டத்தைத் தளர்த்துவதா இறுக்குவதா என்பதல்ல கேள்வி. ஒரே சான்றிதழை நாலு மேஜையில் காட்ட வைக்கும் இழுத்தடிப்பு குறையட்டும். ஆனால் குழந்தை எங்கிருந்து வந்தது, தாய் மனதறிந்து சம்மதித்தாளா, பணம் யார் கைக்குப் போனது என்ற மூன்று கேள்விகளில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வருகிற தரகரைக் கண்டால் ஓடிவிடுவதே நல்லது.

தத்துப் பிள்ளை ஒருநாள் வளர்ந்து, "நான் யார்?" என்று கேட்கும். அன்றைக்குக் காட்ட வளர்த்தவர்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதக் கட்டு மட்டும்தான். அது உண்மையாக இருக்க வேண்டாமா?