வாணிகப் பிரெஞ்சும் தமிழ் மாணவரும்

நம் நாட்டுக் கல்லூரிகளிற் பிரெஞ்சு மொழி நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஆயினும், அதனைப் பயில்வோருட் பலர் அம்மொழியை விரும்பி வருவாரல்லர். பகுதி 1-இல் தமிழுக்கு மாற்றாக அதனை எடுத்தால் மதிப்பெண் எளிதிற் கிட்டும் என்றெண்ணி வருகின்றனர். தேர்வு முடிந்தபின் அவர்க்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதவும் இயல்வதில்லை. தமிழும் கைநழுவிப் போகின்றது. இஃது இரட்டை நட்டமன்றோ?

பிரெஞ்சு நமக்கு வேண்டாத மொழியன்று. வேப்பம்பட்டில் இரயிலேறினால் செவ்வாப்பேட்டை, புட்லூர் கடந்து அடுத்த நிலையம் திருவள்ளூர். அப்பக்கத்துத் தொழிற்சாலையிற் சிட்ரோயன் கார்கள் செய்யப்படுகின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை உளது. இவ்விரு பெயரும் பிரான்சு தேசத்தன. செனெகால், ஐவரி கோஸ்ட் முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும் பிரெஞ்சே அரசாங்க மொழி. "ஆங்கிலம் போதுமே" என்பார் உளர். வேலையிற் புகுவதற்கு அது போதும். எதிரிலிருப்பவரின் உள்ளக் குறிப்பறிந்து பேரம் முடிப்பதற்கு அவர் மொழியே வேண்டும்.

கணக்கெழுதுவதிலும் இவ்வுண்மை விளங்கும். 12,500 என்று நாம் எழுதினாற் பன்னீராயிரத்து ஐந்நூறு. பிரெஞ்சு முறைப்படி படித்தாற் பன்னிரண்டரை! அவர் தசமப் புள்ளியிருக்குமிடத்திற் காற்புள்ளியிடுவர். விலைப்பட்டியலில் இதனையறியாதான் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொன்று: பிரெஞ்சில் நெருங்கியவரைத் 'தூ' என்றும், மதிக்கத்தக்கவரை 'வூ' என்றும் விளிப்பர். வாணிகக் கடிதத்தில் 'வூ' என்பதே முறை. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லால் இவ்வேறுபாடு விளங்காது. 'நீ', 'நீங்கள்' என்று வீட்டிலேயே பழகிய தமிழ்ப் பிள்ளைக்கோ ஒரு நொடியில் விளங்கும். ஆதலின், தமிழ் பிரெஞ்சுக்குத் தடையன்று, வழித்துணையே.

இதற்குச் சான்று நம் சரித்திரத்திலேயே உண்டு. சென்னைப் பெரம்பூரில் 1709-இற் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் தூப்ளே துரையின் துபாஷியாய் விளங்கினார். துபாஷி என்பது இருமொழியாளன் எனப் பொருள்படும். பிரெஞ்சுக்காரரிடையே வாழ்ந்து வாணிகம் செய்த அவர், 1736 முதல் 1761 வரை கப்பல் வரவையும் சரக்கையும் அரசியற் செய்திகளையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தது தமிழிலேயே. பிற மொழியாரோடு பழகியும் அவர் தம் மொழியை விட்டாரல்லர்.

ஆகவே, யாம் வேண்டுவது இதுவே. தமிழுக்கு மாற்றாக அன்றி, அதற்கு மேலாக, வாணிகப் பிரெஞ்சு வகுப்பொன்று மாலையில் நடைபெறல் வேண்டும். அது தமிழ் வாயிலாகவே தொடங்குக. கடிதம், விலைப்பட்டியல், தொலைபேசி உரையாடல் ஆகியவை அதன் பாடமாகுக. தமிழ்த்துறையும் பிரெஞ்சுத்துறையும் கூடி வாணிகச் சொற்றொகுதி ஒன்று ஆக்கித் தருக. உயர்ந்த கட்டணம் வாங்கும் பள்ளியிற் பயின்றவரே இன்று இம்மொழியைத் துணிந்து எடுக்கின்றனர். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் உழவர் மகனும் தொழிலாளி மகளும் வகுப்பின் வாயிலிலேயே தயங்கி நிற்கின்றனர். ஆலைகள் எழுந்திருப்பது அவர்தம் ஊரிலன்றோ? அவற்றின் வாயிலைக் காக்கும் வேலை மட்டுமன்றி, உள்ளே அமர்ந்து பேசும் வேலையும் அவர்க்கு உரியதாதல் வேண்டும். கல்லூரித் தலைவர்களும் பழைய மாணவர்களும் இதனைச் சிந்திப்பாராக.