அடுப்பில் ஏற்றாத மூலிகை

1969-ம் வருடம். பெய்ஜிங்கில் மூலிகை ஆராய்ச்சியாளராக இருந்த டு யூயூவிடம், சீன அரசு ஒரு ரகசிய வேலையை ஒப்படைத்தது. மலேரியாவுக்குப் புது மருந்து வேண்டும். வியட்நாம் காடுகளில் போர் நடந்த நேரம் அது. வழக்கமான குளோரோகுயின் மாத்திரைக்கு அங்கே மலேரியா மசியவில்லை.

கணவர் வெளியூரில். மூத்த மகளுக்கு நாலு வயது. அவளைக் காப்பகத்தில் விட்டார். கைக்குழந்தையைத் தன் பெற்றோரிடம் ஒப்படைத்தார். பல நாள் கழித்துப் பார்க்கப் போனபோது, மகளுக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை!

பழைய சுவடிகள், வைத்தியர்களின் கைப்பக்குவங்கள் என்று சுமார் 2,000 மருந்துக் குறிப்புகளைத் திரட்டினார். அதில் 'சிங்ஹாவ்' என்ற மூலிகை எலிகளின் மலேரியாவை ஒருமுறை குணமாக்கியது; மறுமுறை கைவிட்டது. ஏன்?

விடை, நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய வைத்திய நூலில் இருந்தது. 'ஒரு பிடி மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து குடி' என்ற பக்குவம் அது. அடுப்பு பற்றிப் பேச்சே இல்லை. கொதிக்க வைத்ததில்தான் மருந்து கெட்டிருக்கிறது!

35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈத்தரில் சாற்றை இறக்கினார். 1971 அக்டோபரில், எலிகளின் ரத்தத்தில் ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை.

ஆனாலும் மனிதர்களுக்கு எப்படிக் கொடுப்பது? விஷமாகிவிட்டால்? 1972-ல் அவரும் சகாக்கள் இருவரும் முதலில் தாங்களே அதைச் சாப்பிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகே ஹைனான் தீவு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அந்தச் சாற்றில் இருந்த மருந்துதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல், 84 வயதில், டு யூயூவுக்கு நோபல் பரிசு வந்தது.

நம் பூக்கடை மரிக்கொழுந்தும் இந்த மூலிகையின் குடும்பம்தான். அதற்காக அதைப் பிழிந்து குடிக்கக் கூடாது. உறவே தவிர, அது இது அல்ல. அசல் மூலிகையைக்கூட டீ போட்டுக் குடிக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைகுறை அளவில் போனால் கிருமி சாகாது, மருந்துக்கே பழகிவிடும். அதனால்தான் இன்று ஆர்ட்டிமிசினினை இன்னொரு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள்.

பாட்டி வைத்தியம் வழி காட்டும். அளவு சொல்வது பரிசோதனைதான். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், கஷாயத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது!