இரண்டு குரோன் வம்சங்கள்

ஸ்வீடன், டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, செக் குடியரசு. ஐந்து நாட்டுப் பணத்துக்கும் பெயர் கிரீடம்தான். குரோனா, குரோனே, கொருனா என்று உச்சரிப்புதான் மாறும். செக் நாட்டில் அரசர் போய் நூறாண்டு ஆகிவிட்டது, கிரீடம் மட்டும் பர்ஸில் இருக்கிறது! ஆனால் இவை ஒரே வம்சமல்ல. ஒன்று வடக்கே பிறந்தது, இன்னொன்று வியன்னாவில்.

வடக்கே 1873இல் ஸ்வீடனும் டென்மார்க்கும் கைகோத்தன. 1875இல் நார்வே சேர்ந்தது. ஒரு கிலோ தங்கத்துக்கு 2,480 குரோன் என்பது மூவருக்கும் பொதுக் கணக்கு. ஒரு நாட்டு நாணயம் மற்ற இரண்டிலும் செல்லும். பொது மத்திய வங்கி என்று ஒன்று கிடையாது. 1914இல் போர் வந்ததும் நோட்டுக்குத் தங்கம் தருவது நின்றது. ஸ்வீடனின் குரோனா மற்ற இரண்டையும்விட மதிப்பேறியது. சில்லறை நாணயங்களோ சட்டப்படி இன்னும் சமம். மலிந்த சில்லறையை ஸ்வீடனில் மாற்றி லாபம் பார்ப்பது யாருக்குக் கசக்கும்? 1924இல் அந்த வழியும் அடைபட்டது. சண்டை சச்சரவில்லாத பிரிவு.

வியன்னாவின் கதை அப்படியல்ல. 1892இல் ஒரு குல்டனுக்கு இரண்டு என்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு கொண்டுவந்த குரோன் அது. 1918இல் பேரரசு சிதறியது; நோட்டு அச்சடிப்பு ஓயவில்லை. அந்த வெள்ளம் தன் நாட்டுக்குள் புகாமலிருக்க, செக்கோஸ்லோவாக்கியாவின் நிதியமைச்சர் அலோய்ஸ் ராஷின் 1919 பிப்ரவரி இறுதியில் எல்லையை மூட வைத்தார். பெரிய நோட்டுகளில் அரசு முத்திரை வில்லை ஒட்டப்பட்டது, ஒட்டாதது செல்லாது. மக்கள் கொண்டுவந்த பணத்தில் ஒரு பகுதியைக் கட்டாயக் கடனாகவும் பிடித்துக்கொண்டார். கொடுமைதான். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்: ஆஸ்திரியாவில் 1925இல் ஒரு ஷில்லிங் வாங்க 10,000 குரோன் கொடுக்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்க ராஷின் இல்லை. 1923 ஜனவரியில் சுடப்பட்டு, அடுத்த மாதம் இறந்துபோனார்.

1993இல் செக்கும் ஸ்லோவாக்கியாவும் பிரிந்தபோது, பொது நாணயம் சில மாதமாவது நீடிக்கும் என்றார்கள். பிப்ரவரி 8ஆம் தேதியே முடிந்தது. மறுபடியும் பழைய நோட்டு, மறுபடியும் முத்திரை வில்லை. ஸ்லோவாக்கியா 2009இல் யூரோவுக்குப் போய்விட்டது.

யூரோ வேண்டாமென்று டென்மார்க் 2000இலும் ஸ்வீடன் 2003இலும் வாக்களித்தன. ஸ்வீடனின் குரோனா சந்தையோடு ஏறி இறங்குகிறது. டென்மார்க் குரோனோ ஒரு யூரோவுக்குச் சுமார் 7.46 என்று கட்டுண்டிருக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை மாற்றினால் கோபன்ஹேகனும் பெரும்பாலும் பின்னாலேயே மாற்றுகிறது.