எஞ்சினுக்குச் சுக்குக் காபி

எங்கள் தேனிப் பக்கம் மாப்பிள்ளை கொஞ்சம் லேட்டாக வந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். தாய்மாமன் லேட்டாக வந்தால் பரம்பரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

போடிநாயக்கனூரில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பெண்ணின் தாய்மாமன் இருப்பதோ மலைமேல், சின்னக்கானலில். நடுவே போடிமெட்டும் அதன் 17 கொண்டை ஊசி வளைவுகளும். மாமாவையும் சீர்த் தட்டுகளையும் அள்ளிக்கொண்டு வரும் பொறுப்பு, வீட்டில் வேறு உபயோகமான வேலை எதுவும் தெரியாத எனக்கு வந்தது. முதல் நாள் சாயங்காலமே போடியில் ஒரு பழைய டீசல் வேனை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டேன். வேனுக்கு இருபது வயசு இருக்கும். டிரைவருக்கு அதைவிட ஒன்றிரண்டு கூட.

தை மாசத்து விடியற்காலை. பீடி வாசமே ஆகாத அத்தைக்குக்கூட வாயைத் திறந்தால் புகை வந்தது. மூணாறு பக்கம் ஜனவரியில் சில நாள் புல்தரையெல்லாம் உறைபனி பூத்து, கோலமாவு கொட்டின மாதிரி கிடக்கும். அன்றைக்கு அவ்வளவு இல்லை. ஆனால் போடி வெயிலிலேயே வளர்ந்த வேனுக்கு அதுவே ஜன்னி.

தம்பி செல்ஃப் அடித்தான். 'கிர்ர்ர்...' பெரியவர்கள் பஞ்சாயத்தில் பேசுவதற்குமுன் தொண்டையைச் செருமுவார்களே, அப்படி. ஆனால் பேச்சு வரவில்லை. மறுபடி அடித்தான். பத்தாவது தடவை செருமலும் போய், வெறும் 'டிக்'.

"பெட்ரூமிலேயே நிறுத்தியிருக்கணும் போல" என்றார் மாமா.

இங்கே கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? டீசல் எஞ்சினின் ரகசியம் அவ்வளவுதான். பெட்ரோல் வண்டிபோல இதில் பொறி வைக்க ஆள் கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் ஒரு சின்னக் குழாயும் உலக்கையும் வைத்து, ஒரே குத்தில் பஞ்சில் நெருப்பு உண்டாக்குவார்கள். அதைப் பார்த்துத்தான் ருடால்ஃப் டீசலுக்கு யோசனை உதித்தது என்று ஒரு பேச்சு உண்டு. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினை ஒழுங்காக ஓட்டிக் காட்டினார்.

சிக்கல் எங்கே என்றால், இரும்பு ஜில்லிட்டிருந்தால் நசுக்கி உண்டாக்கிய சூட்டை அதுவே பிடுங்கிக்கொள்கிறது. ஆயில் கஞ்சிபோல் கெட்டியாகி எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. குளிரில் பாட்டரிக்கும் தெம்பு குறைகிறது. அதனால்தான் இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் சிலிண்டருக்கு ஒன்றாக, சுண்டுவிரல் அளவில் ஹீட்டர் பிளக் என்று ஒரு குச்சி வைத்திருப்பார்கள். சாவியைப் பாதி திருப்பினால் உள்ளே முனை சிவக்கப் பழுக்கும். இருபது முப்பது செகண்டு பொறுத்திருந்து அப்புறம் செல்ஃப் அடிக்க வேண்டும். ஜலதோஷம் பிடித்தவனுக்குச் சுக்குக் காபி கொடுத்துவிட்டு எழுப்புவதுபோல. (பெரிய பஸ், லாரிகளில் டீசலை நேரே பிஸ்டன் தலையிலேயே பீச்சுவதால் பெரும்பாலும் இது தேவைப்படுவதில்லை.)

"ஹீட்டர் போட்டியாப்பா?" என்று கேட்டேன், பெரிய மெக்கானிக் போல.

"அது வேலை செய்யாதுண்ணே. ஓனர் கழட்டிவிட்டுட்டாரு. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குன்னு."

ஓனரைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஹெட்லைட்டுகளைவிடப் பல மடங்கு கரண்டைக் குடிக்கிற சாமான் அது. போடியில் அது இல்லாமலேயே வண்டி வருஷம் முழுக்க எழுந்துகொள்ளும். அவர் ஐயாயிரம் அடியை மறந்துவிட்டார்.

மண்டபத்திலிருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன். அத்தை வெந்நீர்த் தவலையோடு வந்து "இதை ஊத்துங்கப்பா" என்றாள். தம்பி அதைவிடப் பெரிய வைத்தியம் வைத்திருந்தான். கம்பில் துணியைச் சுற்றி டீசலில் நனைத்து, வண்டிக்கு அடியில் காட்டப் போகிறானாம். லடாக் பக்கம் லாரிக்காரர்கள் எஞ்சினுக்கு அடியில் ஸ்டவ்வே பற்றவைப்பார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான். அதுவும் நிஜம்தான். அங்கே டீசலிலுள்ள மெழுகே உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். 2019-ல் இந்தியன் ஆயில் அந்தப் பகுதிக்கென்று, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலையே கொண்டுவந்தது. கனடாவிலோ எஞ்சினைச் சூடாக்க வண்டியின் மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கும். ராத்திரி அதைச் சுவரில் செருகிவிட்டுத் தூங்கப் போவார்கள், நாம் செல்போனைச் செருகுவதுபோல.

எங்கள் வண்டியின் அடியிலோ ஆயிலும் டீசலும் சொட்டிக்கொண்டிருந்தன. தீப்பெட்டி என் கையில்.

நல்லவேளை, அந்த நேரம் கீழேயிருந்து ஒரு ஜீப் வந்தது. போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள். ஜீப்பின் கொள்ளளவைப் பற்றிக் கம்பெனிக்காரருக்கு ஒரு கணக்கு, எங்கள் ஊருக்கு வேறு கணக்கு.

ஜீப் டிரைவர் இறங்கி முதலில் தீப்பந்தத்தைப் பிடுங்கி எறிந்தார். "கல்யாணத்துக்குப் போறீகளா, கருமாதிக்கா?" அடுத்து தவலையைப் பார்த்தார். "கொதிக்கக் கொதிக்க ஊத்துனா ஹெட்டு விரிசல் விட்டுப்போகும் தாயி. அதுல நமக்குக் காப்பியப் போடுங்க."

பானெட்டைத் திறந்தார். ஹீட்டர் வயர் இன்சுலேஷன் டேப் சுற்றிய தலையோடு ஓரமாகத் தொங்கியது. டேப்பைப் பிய்த்து முடுக்கினார். நாலு பிளக்கில் மூன்றுக்கு உயிர் இருந்தது. "மூணு போதும். மொத மொத வந்த வண்டியில சீரியல் செட்டு மாதிரி ஒண்ணு போனா அத்தனையும் போகும். இது தேவலை." ஜீப் பாட்டரியிலிருந்து கேபிள் போட்டார். சாவியைப் பாதி திருப்பச் சொல்லிவிட்டு, சாவதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணினார். என் வாழ்க்கையின் மிக நீளமான முப்பது.

அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். "ஆத்தா, எல்லாரும் எறங்கி ஒரு கை குடுங்க."

இறக்கம்தான். பதினோரு பெண்கள் தள்ள, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டான் தம்பி. தட்... தடதட... வெள்ளை வெளேரென்று ஒரு புகை. எரியாத டீசல். வேன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தது.

மாமா ஐந்நூறு ரூபாயை நீட்டினார். ஒரு பாட்டி வாங்க மறுத்துவிட்டாள். "காசு கெடக்கு சாமி. கங்காணி பேரு எழுதுறதுக்குள்ள போகணும். நேரம் தப்புனா இன்னைக்கு அரைக்கூலிதான்." எங்களுக்காக நின்றதில் அவர்களுக்கு இருபது நிமிஷம் போயிருந்தது. ஜீப்பில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னாள். "எங்க டிரைவரு மாசத்துக்கு ஒருக்கா அந்தக் கம்பியக் கழட்டிப் பாத்துப்புடுவாரு. இது கெளம்பலேன்னா பதினோரு வீட்டுல ஒலை வைக்க முடியாதுல்ல."

நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒன்பதரை. ஐயர் மந்திரத்தை ரப்பராக இழுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த ஜீப் கங்காணிக்கு முன் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மே மாசம் தேனியில் அதே வேனில் ஏற நேர்ந்தது. அக்னி நட்சத்திரம். சீட்டில் உட்கார்ந்தால் தோசை வேகும். தம்பி சாவியைப் பாதி திருப்பிவிட்டு, கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தான்.

"டேய், இந்த வெயில்ல எதுக்குடா ஹீட்டர்?"

"பேசாதீங்கண்ணே, எண்ணிக்கை விட்டுப்போகும். பதினேழு... பதினெட்டு..."