மொட்டை மாடிக்கு எது நல்லது? தட்டோடா, கறுப்பு ஷீட்டா, வெள்ளைப் பூச்சா?

நம்ம ஊரில் ஒருத்தர் கடைக்கட்டடம் கட்டினால் காசை எங்கே இறைப்பார் என்று கவனித்திருக்கிறீர்களா? முகப்பில். கண்ணாடி, கிரானைட் படி, எல்.இ.டி. போர்டு என்று ரோட்டில் போகிறவர் பார்த்தால் பளபளன்னு இருக்கணும். அப்படிப் பார்க்கிறவர் கண்ணுக்கு எட்டாத ஒரே இடம் மொட்டை மாடி. அதனால் மிச்சம் மீதி இருக்கிற காசில்தான் அதற்கு வேலை நடக்கும். "சும்மா ஒரு பூச்சு பூசி விடுப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார் ஓனர். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும் :)

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கான்கிரீட் தளம் போட்ட கடைக்கட்டடத்துக்கு, வெயில் படும்படி வெறுமனே விட்ட கறுப்பு ஷீட்தான் மோசமான தேர்வு. அடியில் நீர்காப்புப் பூச்சு, அதற்கு மேல் சாய்வு, அதற்கும் மேல் வெளிர் நிற ஓடு. இதுதான் சரி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பொருளை மறந்துவிடுங்கள். எல்லோரும் "எந்த கம்பெனி சரக்கு நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்பது. மொட்டை மாடி என்றால் தட்டை என்று அர்த்தம் இல்லை. 100 அடி நடந்தால் 1 அடியாவது தளம் இறங்க வேண்டும், 2 அடி இறங்கினால் நிம்மதி. 40 அடி நீள மாடி என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் குறைந்தது 5 அங்குல வித்தியாசம். இது இல்லாத மாடியில் என்ன சரக்கு ஊற்றினாலும் குளம் கட்டும். 2000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. தண்ணீர் நின்றால் அதன் எடை கிட்டத்தட்ட 1860 கிலோ. எடை கூடப் பரவாயில்லை, தளம் தாங்கும். நிற்கிற தண்ணீர் ஒரு மயிரிழை விரிசலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து.

அடுத்தது குழாய். மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 43 சதுர மீட்டர் மாடிக்குத்தான் போதும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணை. அந்தக் கணக்கில் 2000 சதுர அடிக்கு 5 குழாய் வேண்டும். நம் கடைவீதிகளில் எத்தனை இருக்கும்? இரண்டு. அதில் ஒன்றில் அரச இலையும் பாலிதீன் பையும் அடைத்திருக்கும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கும் மேல். இனிமேல் "நம்ம ஊர்ல அவ்வளவு மழை எங்க பெய்யுது?" என்று யாரும் கேட்க முடியாது.

சரி, இப்போது சரக்குக்கு வருவோம்.

1. சுருக்கியும் தட்டோடும். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து 3, 4 அங்குல கனத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரத்துக்கு மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் போட்டதும் இந்தச் சுண்ணாம்புத் தளம்தான். பாட்டி வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். மெட்ராஸ் டெரஸுக்கு ஐ.எஸ். 2119 என்றும், சுண்ணாம்புக் கான்கிரீட் தளத்துக்கு ஐ.எஸ். 3036 என்றும் இந்தியத் தர விதிகளே இருக்கின்றன. சாய்வும் கிடைக்கும், வெயிலும் தளத்தை நேரடியாகத் தாக்காது.

குறை இல்லையா? இருக்கிறது. சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும் எடை. அதைக் கணக்கில் எடுத்து வடிவமைக்காத பழைய கட்டடத்தில் போடக்கூடாது. அடித்துப் பதப்படுத்தப் பொறுமையுள்ள ஆள் கிடைப்பதும் அரிது. சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துவிட்டு அதையும் சுருக்கி என்றே சொல்கிறார்கள். சிமெண்ட் கலவை இறுகிச் சுருங்கும்போது வெடிக்கும். அப்புறம் "சுருக்கியே வேஸ்ட்" என்று பெயர்.

2. கறுப்பு ஷீட். ஏ.பி.பி. மெம்பிரேன் என்பார்கள். 3 அல்லது 4 மி.மீ. கனமுள்ள தார்ச் சுருளைத் தீச்சுவாலையால் உருக்கி ஒட்டுவது. எடை குறைவு, வேலை சீக்கிரம் முடியும், நீர்காப்புப் பொருளாக நல்ல சரக்குதான். ஆனால் அதன் மேல் ஒன்றும் போடாமல் விட்டால் இரண்டு தொல்லை. ஒன்று, வெயிலின் புற ஊதாக் கதிர் தாரை உலர்த்தி வெடிக்க வைக்கும். இரண்டு, நம் கடைக்கட்டட மாடி சும்மா கிடக்கிற இடம் இல்லை. ஏ.சி. அவுட்டோர் யூனிட், தண்ணீர் டேங்க், செல்போன் டவர், விளம்பரத் தட்டி, இப்போது சோலார். இதையெல்லாம் பார்க்க மெக்கானிக் வந்துகொண்டே இருப்பார். அவர் கையிலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும், ஷீட்டின் கதை முடிந்தது. கிழிந்த இடம் ஒன்று, உள்ளே ஒழுகும் இடம் வேறொன்று என்பதால் ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

3. வெள்ளைப் பூச்சு. புதிதாய் அடித்த வெள்ளைக் குளிர்பூச்சு வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கறுப்புப் பரப்பு 10 சதவீதத்தைக் கூடத் திருப்பாது. கறுப்புக் கூரை 65 டிகிரி செல்சியஸைத் தொடும் நேரத்தில் வெள்ளைக் கூரை அதைவிட 25 டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருக்கலாம். தெலங்கானா 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்து, வணிகக் கட்டடம் எந்த அளவில் இருந்தாலும் குளிர்கூரை வேண்டும் என்றது. ஆனால் ஒன்று. அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு வெயிலுக்கு மருந்து, குளம் கட்டும் தண்ணீருக்கு மருந்து அல்ல. தூசி படிந்தால் அதன் பலனும் குறையும், கழுவ வேண்டும்.

4. டி.பி.ஓ., பி.வி.சி., இ.பி.டி.எம். வகை ஒற்றைச் சுருள்கள். அமெரிக்காவில் வணிகக் கட்டடங்களின் கூரையில் இவைதான் அதிகம். டி.பி.ஓ., பி.வி.சி. இரண்டும் பெரும்பாலும் வெள்ளை, இணைப்பைச் சூடான காற்றால் உருக்கி ஒட்டுவார்கள். இ.பி.டி.எம். பொதுவாகக் கறுப்பு ரப்பர், பசையாலோ டேப்பாலோ ஒட்டுவது. இரும்புத் தகட்டுக் கூரை போட்ட பெரிய மண்டபத்துக்கும் குடோனுக்கும் நான் வெள்ளை டி.பி.ஓ.வைத்தான் சொல்வேன். அங்கே சுருக்கியின் எடைக்கு வழியே இல்லை. ஆனால் சின்ன ஊரில் அந்த வெல்டிங் மெஷினும் பழகிய ஆளும் கிடைக்காவிட்டால், எவ்வளவு உயர்ந்த சரக்கும் இணைப்பில் பிரியும். ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? உள்ளூர்க் கொத்தனார் சரிசெய்யத் தெரிந்த பொருளே பாதி நல்ல பொருள்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. ஒழுகினாலோ சுட்டாலோ மாடிக்கு மேலே ஒரு கொட்டகையைப் போடுவது. தகரம் என்றால் நாளடைவில் அது குடோன் ஆகிவிடும். கீற்று என்றால், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கு எந்தப் பொருள் என்பது வெறும் பட்ஜெட் விஷயம் இல்லை.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் ஒழுகல் மட்டும் அல்ல. மேல் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வாடகை குறைவு என்பதால் டியூஷன் சென்டர், தையல் யூனிட், டேட்டா என்ட்ரி ஆபீஸ். ஜவுளிக்கடை என்றால் ஸ்டாக் ரூமும் ஊழியர்கள் சாப்பிடுகிற இடமும். முதலாளி கீழ்த்தளத்தில் ஏ.சி.யில் கல்லாவில் இருக்கிறார். சரக்கைத் தேர்ந்தெடுப்பவர் அவர், வேகிறவர்கள் மேலே. பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட் சாயங்காலம் அதைக் கீழே இறக்கும், ஃபேன் அதே அனலைத் தலையில் கொட்டும். 2021இல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். உட்கார்ந்தவர் தலைக்கு மேலே என்ன கொதிக்கிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டாமா?

"இதெல்லாம் செலவு அதிகம்" என்பீர்கள். ஆமாம், முதல் செலவு அதிகம்தான். ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு தரம் புதுப் பூச்சு, நனைந்த சரக்கு, உதிர்ந்த சீலிங், துருப்பிடித்த கம்பி, மேல் மாடி ஏ.சி.க்குக் கூடுதல் கரண்ட் பில், இவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள். வாடகைக்கு இருப்பவர் கரண்ட் பில்லைக் கட்டுவதால் ஓனருக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எடை தாங்காத பழைய கட்டடமா? பழைய அடுக்கைச் சுத்தமாகப் பெயர்த்து எடுத்து, விரிசலை அடைத்து, சாய்வைச் சரிசெய்து, நல்ல பி.யு. பூச்சும் அதற்கு மேல் வெள்ளையும் அடியுங்கள். பழசின் மேல் புதுசு, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்க வேண்டாம், நடுவில் மாட்டிய ஈரம் எங்கும் போகாது.

புதுக் கட்டடமா? ஓடு பதிக்கும் முன்பே சோலாருக்கும் ஏ.சி.க்கும் கான்கிரீட் மேடை கட்டிவிடுங்கள், பிறகு துளை போட வேண்டியிருக்காது. பூச்சு காய்ந்ததும் வாயை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். அதற்கு முன்னால் காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். பத்து வருஷ கேரண்டிக் காகிதத்தைவிட அந்த இரண்டு நாள் தண்ணீர் உண்மையைச் சொல்லும்.